தொடருக்குச் சம்பளம், மேடைக்குச் சொத்துரிமை: அமெரிக்காவில் இரண்டுக்கும் எழுதிச் சம்பாதிக்கும் முறை

அமெரிக்காவில் தொலைக்காட்சிக்கு எழுதுகிறவர்கள் இசை நாடகத்துக்கும் எழுதுவது நெடுநாள் வழக்கம். 1950களில் சிட் சீசரின் நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு எழுதிய ஜோசப் ஸ்டைன்தான் 1964இல் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' நாடகத்தின் கதை வசனத்தை எழுதினார். சீசரிடம் எழுதிய இன்னொருவரான லாரி கெல்பார்ட் 1962இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் வெற்றி கண்டார், 1972இல் 'மேஷ்' தொடரைத் தொலைக்காட்சிக்கு உருவாக்கினார், 1989இல் 'சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ்' நாடகத்தோடு மறுபடி மேடைக்கு வந்தார். 2003இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடும் 'விக்கெட்' நாடகத்தின் கதை வசனம் எழுதிய வின்னி ஹோல்ஸ்மன், 1994இல் 'மை சோ-கால்ட் லைஃப்' தொடரை உருவாக்கியவர்.

ஆள் ஒருவரே என்றாலும் இரண்டு இடத்திலும் பணம் வரும் விதம் வேறு. தொலைக்காட்சியில் எழுத்தாளர் சம்பளக்காரர். எழுதியது அன்றே ஸ்டுடியோவின் சொத்தாகிவிடும்; சட்டப்படி ஸ்டுடியோதான் அதன் 'ஆசிரியர்'. மேடையில் பதிப்புரிமை எழுத்தாளரிடமே இருக்கிறது. தயாரிப்பாளர் அதை ஒரு காலத்துக்கு வாடகைக்கு எடுக்கிறார், அவ்வளவுதான். எழுத்தாளர் சம்மதம் இல்லாமல் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. ஆனால் மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எதுவும் அங்கே கிடையாது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துத்தான் இரண்டு வருமானத்தையும் திட்டமிட வேண்டும்: அன்றாடச் செலவுக்கும் காப்பீட்டுக்கும் தொலைக்காட்சி, நீண்டகாலச் சொத்துக்கு மேடை.

தொலைக்காட்சிக்குள் நுழைவது

முதலில் தேவை ஒரு மாதிரிப் பிரதி. இப்போது தொடரை நடத்தும் தலைமை எழுத்தாளர்களான ஷோரன்னர்கள் கேட்பது பெரும்பாலும் சொந்தக் கற்பனையில் எழுதிய பைலட், அதாவது ஒரு தொடரின் முதல் எபிசோட்: அரைமணித் தொடருக்கு 30 பக்கத்தைச் சுற்றி, ஒருமணித் தொடருக்கு 55 முதல் 60 பக்கம். ஒன்று போதாது. முதல் பிரதியைப் படித்துப் பிடித்தவர் "வேறு என்ன இருக்கிறது?" என்பார், அன்றைக்குக் கையில் இரண்டாவது இருக்க வேண்டும். பாட்டும் எழுதத் தெரிந்தவர் அதைப் பைலட்டில் திணிக்க வேண்டாம். பாட்டு வரும் தொடர்கள் குறைவு. அந்தத் திறமையைத் தனி மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

பிரதியை மட்டும் நம்பாமல் வேலை வழியாகவும் நுழையலாம். எழுத்தாளர்கள் கூடித் தொடரை எழுதும் அறையில் உதவியாளர், பிறகு ரைட்டர்ஸ் அசிஸ்டென்ட், அதன்பின் ஸ்கிரிப்ட் கோ-ஆர்டினேட்டர். ரைட்டர்ஸ் அசிஸ்டென்ட் நாள் முழுக்க அறையில் பேசுவதைக் குறிப்பெடுப்பவர். ஒரு காட்சி ஏன் விழுந்தது, எதைப் போட்டு எடுத்து நிறுத்தினார்கள் என்பதைக் காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொள்ளும் இடம் அது. அங்கிருந்து எழுத்தாளர்களில் முதல் படியான ஸ்டாஃப் ரைட்டர், ஸ்டோரி எடிட்டர், எக்சிக்யூட்டிவ் ஸ்டோரி எடிட்டர், கோ-புரொட்யூசர், புரொட்யூசர், சூப்பர்வைசிங் புரொட்யூசர், கோ-எக்சிக்யூட்டிவ் புரொட்யூசர் என்று ஏணி ஏறும். உச்சியில் ஷோரன்னர்.

ஸ்டாஃப் ரைட்டர் வேலை கிடைத்த உடனே எழுத்தாளர் சங்கமான ரைட்டர்ஸ் கில்டில் சேரும் கணக்கு தொடங்குகிறது. மூன்று ஆண்டுக்குள் 24 யூனிட் சேர வேண்டும். வாரச் சம்பளத்தில் ஒரு வாரத்துக்கு இரண்டு யூனிட் என்பதால் பன்னிரண்டு வாரத்தில் எட்டிவிடலாம். சேர்க்கைக் கட்டணம் மேற்குக் கிளையில் 2,500 டாலர், கிழக்குக் கிளையில் 1,500 டாலர். அதன்பின் எழுத்து வருமானத்தில் 1.5 சதவீதம் சந்தா.

சம்பளம் கையில் எவ்வளவு நிற்கும்

ஸ்டாஃப் ரைட்டரின் குறைந்தபட்ச வாரச் சம்பளம் 5,000 டாலரைச் சுற்றி. இருபது வாரம் வேலை என்றால் ஒரு லட்சம் டாலர். கேட்கப் பெரிதாக இருக்கும். கழித்துப் பார்த்தால் நிலவரம் புரியும். ஏஜென்ட்டுக்கு 10 சதவீதம், மேனேஜருக்கு 10, வக்கீலுக்கு 5. ஆக 25,000 போனது. சந்தா 1,500. மீதி 73,500. ஆனால் வரி இந்த 73,500க்கு அல்ல, முழு ஒரு லட்சத்துக்கும். 2018 முதல் சம்பளக்காரர் தம் ஏஜென்ட் கமிஷனைக் கூட்டாட்சி வரியில் கழித்துக்கொள்ள வழியில்லை. கலிபோர்னியாவில் வாழும் தனி நபர் என்றால் எல்லாம் போக 45,000க்கும் 50,000க்கும் இடையில் ஏதோ ஒன்று கையில் நிற்கும். அடுத்த அறை எப்போது திறக்கும் என்று தெரியாது. முதல் வேலை கிடைத்ததும் வாடகை அதிகமான வீட்டுக்குப் போவது இந்தத் தொழிலில் பலரைத் தடுமாற வைத்திருக்கிறது.

2023இல் 148 நாள் நடந்த வேலைநிறுத்தம் இந்த நிச்சயமின்மையைக் கொஞ்சம் குறைத்தது. அதன்பின் வந்த ஒப்பந்தப்படி, தொடர் தயாரிப்புக்கு முன்பான வளர்ச்சி அறைகளில் சேர்ந்தவருக்குக் குறைந்தது 10 வார வேலை. தயாரிப்பு உறுதியான பிறகு கூடும் அறையில் 20 வாரம், அல்லது அறை நடக்கும் காலம். அறையில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதற்கும் வரம்பு வந்தது: ஆறு எபிசோட் வரை மூன்று பேர், ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஐந்து பேர், அதற்கு மேல் ஆறு பேர்.

சம்பளத்துக்கு அடுத்தது ஸ்கிரிப்ட் தொகையும் ரெசிடுவலும். முன்னணி நேர நெட்வொர்க்கில் கதையும் திரைக்கதையும் சேர்த்து அரைமணி எபிசோடுக்கு 30,000 டாலரை ஒட்டியும் ஒருமணி எபிசோடுக்கு 45,000 டாலரை ஒட்டியும் குறைந்தபட்சத் தொகை இருக்கிறது. ரெசிடுவல் என்பது அந்த எபிசோட் மறுபடி பயன்படும்போது வரும் தொகை. இது டைட்டிலில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான் வரும். அறையில் உட்கார்ந்து அந்த எபிசோடின் பாதி நகைச்சுவையைச் சொன்னவருக்கு ஒன்றும் கிடையாது. கதைக்கு ஒருவர், திரைக்கதைக்கு ஒருவர் என்று பெயர் பிரிந்தால் ரெசிடுவல் 25-க்கு 75 என்று பிரியும். அதனால் ஒவ்வொரு வரைவையும் தேதி போட்டுச் சேமியுங்கள். டைட்டிலில் யார் பெயர் வரும் என்ற தற்காலிக அறிவிப்பு வந்ததும் அன்றே படியுங்கள். ஆட்சேபம் சொல்லக் கிடைக்கும் நாட்கள் குறைவு. தவறவிட்டால் அந்த எபிசோடின் வாழ்நாள் வருமானம் போய்விடும்.

ஸ்ட்ரீமிங்கில் வெற்றிக்கு ஏற்ற ரெசிடுவல் முன்பு இல்லை. 2023 ஒப்பந்தத்தில் ஒரு போனஸ் வந்தது. வெளியான முதல் 90 நாளில் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்குச் சமமான பார்வை இருந்தால், நிலையான தொகையாக வரும் ரெசிடுவலில் பாதி கூடுதலாக வரும். பெரிய தளங்களில் அரைமணி எபிசோடுக்கு 9,031 டாலர், ஒருமணிக்கு 16,415 டாலர். நல்லதுதான். ஆனால் பெரும்பாலான தொடர்கள் அந்த எல்லையைத் தொடுவதில்லை. வீட்டு பட்ஜெட்டில் இதை எழுதிவைக்க வேண்டாம்.

மேடைக்கும் எழுத நினைப்பவர் தொலைக்காட்சி ஒப்பந்தத்தில் இரண்டு இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒன்று, பிற வேலை செய்யக் கூடாது என்ற பிரிவு. பிராட்வே இசை நாடகத்துக்கு நாலு முதல் ஆறு வாரம் ஒத்திகை, அதன்பின் மூன்று நாலு வாரம் முன்னோட்டக் காட்சிகள். அந்த நாட்களில் எழுத்தாளர் அரங்கில் இருந்தே ஆக வேண்டும். பகலில் மாற்றி எழுதியது இரவில் மேடை ஏறும். தொடரின் கால்ஷீட்டும் ஒத்திகையும் மோதினால் மேடைக்கு விலக்கு உண்டு என்று கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்க வேண்டும். பிறகு கேட்டால் கருணையின் பேரில்தான் கிடைக்கும். இரண்டு, நீங்களே உருவாக்கிய தொடர் என்றால் கில்ட் ஒப்பந்தத்தின் 'பிரித்து வைத்த உரிமைகள்'. அதன்படி அந்தத் தொடரை மேடை நாடகமாக்கும் உரிமை உருவாக்கியவரிடம் நிற்கக்கூடும். ஸ்டுடியோ வக்கீல் அதையும் சேர்த்து வாங்கப் பார்ப்பார். தனி விலை பேசாமல் கொடுத்துவிட வேண்டாம்.

இசை நாடகம்: கையெழுத்து முதலில், பாட்டு பிறகு

இசை நாடகத்துக்கு மூன்று எழுத்து வேலை: கதை வசனம், இசை, பாடல் வரிகள். கதை வசனத்தை அங்கே 'புக்' என்கிறார்கள். மூன்றையும் ஒருவரே செய்வதும் உண்டு, மூவர் செய்வதும் உண்டு. பங்கு பெரும்பாலும் மூன்றில் ஒன்று வீதம்.

தொலைக்காட்சியிலிருந்து வருகிறவர்கள் புக் எழுதும்போது செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான்: வசனத்திலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். பாத்திரம் உடைந்து அழும் இடத்தை அருமையாக எழுதி, அடுத்து அதையே பாட்டில் திரும்பச் சொல்ல வைத்தால் பாட்டு செத்துவிடும். காட்சியை உச்சத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்தி, அந்தப் படியைப் பாட்டுக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் ஆகச் சிறந்த வரியை இசையமைப்பாளர் எடுத்துப் பாட்டின் தலைப்பாக்கினால் சந்தோஷப்படுங்கள். அந்த வேலைக்குத்தான் புக். நீளமும் முக்கியம். இடைவேளை சேர்த்து இரண்டரை மணி நேரம் நல்ல அளவு. மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் கலைஞர்களுக்கும் ஊழியர்களுக்கும் கூடுதல் நேரச் சம்பளம் ஏறும், தயாரிப்பாளர் கத்திரியோடு வருவார்.

கூட்டாளிகளோடு உட்கார்ந்து முதல் பாட்டை எழுதும் முன் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். நட்பு முறியும் என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காகிதம் இல்லாததால் முறிந்த நட்புகள்தான் அதிகம். அதில் கீழ்க்கண்டவை இருந்தால் போதும்:

வருமானப் பங்கும், போஸ்டரில் பெயர் வரும் வரிசையும் எழுத்தளவும்.
ஒருவர் பாதியில் விலகினால் அவர் எழுதியது யாருக்கு, அவர் பங்கு எப்படிக் குறையும்.
மூவருக்குள் ஒத்துவராத இடத்தில் முடிவெடுப்பவர் யார்.
புக், இசை, வரிகள் மூன்றும் பிரிக்க முடியாத ஒரே படைப்பாக இணையும் தருணம் எது. வழக்கமாக முதல் பெரிய தயாரிப்பில் இத்தனை காட்சிகள் நடந்தபின் என்று வைப்பார்கள். அதுவரை இசையமைப்பாளர் தன் மெட்டை எடுத்துக்கொண்டு போகலாம்; அதன்பின் முடியாது.
ஒருவர் இறந்தால் அவர் வாரிசுக்குப் பணத்தில் பங்கு உண்டா, கலை முடிவுகளிலும் உண்டா. பணத்தில் மட்டும் என்று வைப்பது நல்லது.

மூலக்கதை உரிமை இதைவிடக் கண்டிப்பானது. ஒரு திரைப்படத்தையோ நாவலையோ இசை நாடகமாக்க ஆசைப்பட்டு, உரிமை வாங்காமல் மூன்று வருடம் எழுதிவிட்டு, பிறகு ஸ்டுடியோவைக் கேட்கப் போவது பெரிய வீண். அவர்கள் வேறு ஒருவருக்குக் கொடுத்திருப்பார்கள், அல்லது மறுப்பார்கள். அந்தப் பாடல்களை வேறெங்கும் பயன்படுத்தவும் முடியாது. பதிப்புரிமைக் காலம் முடிந்த கதை, அல்லது சொந்தக் கதை: தொடங்குகிறவருக்கு இந்த இரண்டுமே பாதுகாப்பு. கையெழுத்துப் பிரதி முடிந்ததும் வாஷிங்டனில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகப் பதியுங்கள். கட்டணம் 65 டாலர். வழக்குப் போடும் நிலை வந்தால் இந்தப் பதிவுதான் கதவு.

கற்றுக்கொள்ளும் இடங்களும் ஆதரவும்

நியூயார்க்கில் 1961 முதல் நடக்கும் பி.எம்.ஐ. லேமன் எங்கல் பயிற்சிப் பட்டறைக்குக் கட்டணம் கிடையாது. தேர்வு மட்டும் கடினம். புக் எழுதுகிறவர்களுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் பள்ளியில் இசை நாடக எழுத்துக்கு இரண்டாண்டு முதுகலைப் படிப்பு இருக்கிறது. படிப்பைவிட அங்கே அமையும் கூட்டாளிகள்தான் பெரும் பயன், ஆனால் செலவு அதிகம். கடன் வாங்கிப் படித்தால் மேடை எழுத்து அந்தக் கடனைச் சீக்கிரம் அடைக்காது என்று தெரிந்தே போக வேண்டும்.

எழுதியதைக் காட்ட கனெக்டிகட்டின் வாட்டர்ஃபோர்டில் ஓ'நீல் மையத்தின் இசை நாடக மாநாடு, நியூயார்க்கில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தேசிய இசை நாடகக் கூட்டமைப்பு நடத்தும் விழா. இந்த விழாவில் ஒவ்வொரு நாடகத்தின் 45 நிமிடப் பகுதியை மட்டும் காட்டுவார்கள். பார்க்க வருவது தயாரிப்பாளர்களும் பிராந்திய அரங்குகளின் இயக்குநர்களும். பரிசுகளில் ஜொனாதன் லார்சன் நிதி, ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் விருது, கிளீபன் பரிசு மூன்றுக்கும் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருங்கள். கிளீபன் பரிசு பாடலாசிரியருக்கு 100,000 டாலர், புக் எழுத்தாளருக்கு 100,000 டாலர், இரண்டு ஆண்டாகப் பிரித்துத் தருவார்கள். 'எ கோரஸ் லைன்' நாடகத்தின் பாடலாசிரியர் எட்வர்ட் கிளீபன் தம் உயிலில் ஏற்படுத்திய பரிசு அது. ஒரு நாடகத்தின் ராயல்டி, எழுதியவர் மறைந்த பிறகும் இத்தனை பேரை வாழவைக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து வாசிப்பு. நடிகர் சங்க விதிப்படி இரண்டு வாரத்துக்குள் மொத்தம் 29 மணி நேரம் மட்டும் நடிகர்களைப் பயன்படுத்தலாம். அவர்கள் கையில் பிரதியோடு, இசைத் தாங்கிகளின் முன் நின்று பாடுவார்கள். ஒப்பனை, நடனம் எதுவும் இல்லை. இதில் எழுத்தாளர் மேடையைப் பார்க்க வேண்டாம், பார்வையாளர்களைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிடுகிறது, எங்கே நிகழ்ச்சித் தாளைப் புரட்டுகிறார்கள் என்று பிரதியின் ஓரத்தில் குறித்தால் அடுத்த வரைவுக்கு வேலை தயார். யோசனையில் தொடங்கி பிராட்வே வரைக்கும் ஐந்து முதல் பத்து ஆண்டு ஆவது சாதாரணம். அந்த ஆண்டுகளைத் தாங்குவதுதான் தொலைக்காட்சிச் சம்பளம்.

மேடைப் பணம்: சரியான கணக்கு

பிராட்வேயில் எழுத்தாளர்கள் பக்கம் நிற்கும் அமைப்பு டிராமாடிஸ்ட்ஸ் கில்ட். அது தொழிற்சங்கம் இல்லை. பதிப்புரிமையைக் கையில் வைத்திருப்பவர் ஊழியர் ஆக மாட்டார், ஊழியர் இல்லாதவர்களுக்குச் சங்கமாகக் கூடிச் சம்பளம் பேசும் சட்ட உரிமை இல்லை. அதனால்தான் மேடையில் மருத்துவக் காப்பீடும் இல்லை. தொலைக்காட்சி கில்டின் மருத்துவ நிதியில் இடம் பெற ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல் கில்ட் வருமானம் காட்ட வேண்டும். நாடகம் சூடு பிடிக்கும் ஆண்டில்கூட ஒரு ஸ்கிரிப்டாவது தொலைக்காட்சிக்கு எழுதிக் காப்பீட்டைக் காப்பாற்றுகிறவர்கள் விவரமானவர்கள்.

அந்த அமைப்பு 1985இல் கொண்டுவந்த மாதிரி ஒப்பந்தத்தின் அடிப்படை இது. தயாரிப்பாளர் முதலில் ஆப்ஷன் தொகை, அதாவது நாடகத்தைத் தயாரிக்கும் உரிமையைப் பிடித்து வைக்கும் தொகை, கட்டுவார்: இசை நாடகத்துக்கு முதல் ஆண்டு 18,000 டாலர், இரண்டாம் ஆண்டு 9,000. மூவருக்கும் சேர்த்துத்தான். ஓடத் தொடங்கியதும் வார வசூலில் 4.5 சதவீதம், போட்ட முதலீடு திரும்பியபின் 6 சதவீதம். வாரம் 10 லட்சம் டாலர் வசூலானால் முதலில் 45,000, ஆளுக்கு 15,000. அசல் எடுத்தபின் 60,000, ஆளுக்கு 20,000.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் இணையத்தில் எழுத்தாளர்களின் 'சொத்து மதிப்பு' போடுகிறார்கள். நடைமுறையில் இன்று பெரும்பாலான நாடகங்கள் ராயல்டி பூலில் ஓடுகின்றன. அதாவது வசூலில் பங்கு இல்லை, வார லாபத்தில் பங்கு. ஓர் உதாரணம். வார வசூல் 10 லட்சம், ராயல்டி நீங்கலாக வாரச் செலவு 8 லட்சம். லாபம் 2 லட்சம். அதில் 40 சதவீதம் பூலுக்கு என்றால் 80,000. இயக்குநர், நடன அமைப்பாளர், எழுத்தாளர்கள் எல்லாருக்கும் சேர்த்து 16 பங்கு, அதாவது பாயின்ட், அதில் எழுத்தாளர்களுக்கு 6. ஆக 30,000, ஆளுக்கு 10,000. வசூல் 8.5 லட்சமாக இறங்கட்டும். லாபம் 50,000, பூல் 20,000, எழுத்தாளர்களுக்கு 7,500, ஆளுக்கு 2,500. அதே வாரம் நேரடி 6 சதவீதமாக இருந்திருந்தால் ஆளுக்கு 17,000. வசூல் 15 சதவீதம் விழ, எழுத்தாளர் வருமானம் நாலில் ஒன்றாகிவிட்டது.

பூலுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருப்பது எளிதல்ல. முதலீட்டாளர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள், நாடகம் நீண்ட நாள் ஓடவும் அது உதவுகிறது. ஆனால் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும். லாபம் இல்லாத வாரத்திலும் ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று அடிமட்டத் தொகை. அசல் எடுத்தபின் பூல் சதவீதம் ஏற வேண்டும். கணக்கை வாரா வாரம் பார்க்காமல் நாலு வாரச் சராசரியாகப் பார்க்கக் கூடாது, அல்லது குறைந்தபட்சம் அந்தச் சராசரி யாருக்குச் சாதகம் என்று வக்கீல் போட்டுப் பார்க்க வேண்டும்: ஒரு கெட்ட வாரம் மூன்று நல்ல வாரத்தைத் தின்றுவிடும்.

பிராட்வேயில் முதலீடு திரும்பாத நாடகங்களே அதிகம். ஆக நம் கணக்கு நியூயார்க்கிலேயே முடிந்தால் இது சூதாட்டம். முடியவில்லை, உண்மையான சொத்து அதற்குப் பிறகு தொடங்குகிறது.

லைசென்சிங்: மெதுவாக வரும் பெரும்பணம்

பள்ளிகள், கல்லூரிகள், ஊர் நாடகக் குழுக்கள், கோடைக்கால அரங்குகள் ஆகியவை ஒரு நாடகத்தைப் போட உரிமம் வாங்கும் நிறுவனங்கள் சிலவே. மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் 1952இல் தொடங்கியது. இன்னொன்றான கன்கார்ட் தியேட்ரிக்கல்ஸ் நிறுவனமோ சாமுவேல் ஃபிரெஞ்ச் போன்ற பழைய நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. பிராட்வேயில் ஆறு மாதத்தில் மூடிய நாடகம் பள்ளிகளில் முப்பது ஆண்டு ஓடலாம்.

கணக்குக்காக ஒரு பள்ளி நாலு காட்சி போடுகிறது, காட்சிக்கு 300 டாலர் ராயல்டி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,200. நிறுவனக் கமிஷன் 20 சதவீதம் போக 960. முதல் தயாரிப்பாளருக்கு இந்த வருமானத்தில் சில ஆண்டுகளுக்குப் பங்கு உண்டு. 40 சதவீதம் என்றால் 384 போய் 576. மூன்றில் ஒன்று 192. ஏஜென்ட்டுக்கு 10 சதவீதம் போக உங்களுக்கு 173 டாலர். ஓராண்டில் 600 பள்ளி என்றால் ஒரு லட்சத்தைத் தாண்டும். தயாரிப்பாளர் பங்குக் காலம் முடிந்ததும் அதே 600 பள்ளிக்கு 1,72,800. நீங்கள் வேறு தொடரில் வேலை செய்துகொண்டிருக்கும்போது வரும் பணம் இது.

இதைக் கூட்ட எழுதும்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன. பள்ளி ஆசிரியர் நாடகம் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பது: எத்தனை பேருக்கு வேடம், பெண் வேடங்கள் போதுமா, பின்னணிக் குழுவுக்கு வேலை உண்டா, மேடை அமைப்பு எளிதா, பெற்றோர் முன்னால் போடக்கூடிய மொழியா. நாலு நடிகர் மட்டும் உள்ள நாடகம் சிறு அரங்குகளுக்குப் போகும், பள்ளிக்குப் போகாது. சிறுவர்களுக்கென்று ஒரு மணி நேர ஜூனியர் வடிவம் தயாரித்தால் அது தனி வருமான ஓடை. அதைச் சுருக்கும் வேலையைப் பிறரிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள், அல்லது ஒப்புதல் உரிமையை வைத்துக்கொள்ளுங்கள்.

கசிவும் இங்கேதான். நாடகம் வளரும் வழியில் ஒவ்வொரு லாப நோக்கற்ற அரங்கும் எதிர்கால வருமானத்தில் சிறு பங்கு கேட்கும். ஒன்றுக்கு 5 சதவீதம் கொடுப்பது நியாயம். மூன்று அரங்குக்குக் கொடுத்துவிட்டு, பிறகு பிராட்வே தயாரிப்பாளருக்கும் கொடுத்தால் எழுத்தாளர் தன் நாடகத்திலேயே சிறுபான்மை ஆகிவிடுவார். எல்லாப் பங்குக்கும் சேர்த்து ஒரு உச்சவரம்பு, ஆண்டு வரம்பு இரண்டும் முதல் ஒப்பந்தத்திலேயே வேண்டும்.

பாடல்கள் நாடகத்துக்கு வெளியே ஒலிக்கும்போது வரும் தொகையை அஸ்காப், பி.எம்.ஐ. போன்ற அமைப்புகள் வசூலித்து இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தரும். புக் எழுத்தாளருக்கு அதில் இடமில்லை. புக் மட்டும் எழுதுகிறவர் நடிகர்கள் பாடிய ஆல்பத்தின் வருமானத்திலாவது பங்கு கேட்க வேண்டும்.

பணத்தைக் காப்பது

தொலைக்காட்சிப் பணம் வரி பிடித்து வரும். மேடை ராயல்டி பிடிக்காமல் வரும், ஆண்டு முடிவில் 1099 படிவத்தோடு. தொழிலாக எழுதுகிறவருக்கு அது தொழில் வருமானம். வருமான வரியோடு 15.3 சதவீத சுயதொழில் வரியும் சேரும். ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 ஆகிய நாலு தவணையில் முன்வரி கட்ட வேண்டும். ராயல்டி வந்த அன்றே மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் இருப்பது நாடகம் ஓடும் ஆண்டில் பெரிய நிம்மதி. மீதியில் ஓய்வுக்கால சேமிப்புக் கணக்குக்கு முதல் இடம்.

வருமானம் நிலையாக இரண்டு லட்சம் டாலரைத் தாண்டினால் லோன்-அவுட் நிறுவனம் பற்றிக் கணக்காளரிடம் கேட்கலாம். எழுத்தாளர் தன் நிறுவனத்தின் ஊழியர், ஸ்டுடியோ அந்த நிறுவனத்தை அமர்த்துகிறது என்ற ஏற்பாடு. ஏஜென்ட் கமிஷனை நிறுவனச் செலவாகக் கழிக்க முடியும் என்பதுதான் முக்கிய லாபம். கலிபோர்னியாவில் நிறுவனத்துக்கு வருமானமே இல்லாத ஆண்டிலும் குறைந்தது 800 டாலர் மாநில வரி உண்டு, கணக்காளர் கட்டணமும் உண்டு. வருமானம் விட்டு விட்டு வருகிறவருக்கு அவசரம் வேண்டாம். நாடகத்தின் பதிப்புரிமையை அந்த நிறுவனத்தின் பெயரில் எழுதவே கூடாது. நிறுவனத்துக்காக எழுதியது என்றாகிவிட்டால் அடுத்து வரும் உரிமை ஒன்று போய்விடும்.

அது உரிமையைத் திரும்பப் பெறுவது. அமெரிக்கச் சட்டத்தில் எழுத்தாளர் தாமே எழுதிக் கொடுத்த உரிமையை, ஒப்பந்தம் என்ன சொன்னாலும், 35 ஆண்டுக்குப் பிறகு ரத்து செய்யலாம். இரண்டு ஆண்டுக்குக் குறையாமலும் பத்து ஆண்டுக்கு மிகாமலும் முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதைப் பதிப்புரிமை அலுவலகத்திலும் பதிய வேண்டும். 2025இல் கொடுத்த உரிமையை 2060இல் தொடங்கும் ஐந்து ஆண்டுக்குள் ரத்து செய்யலாம். அறிவிப்புக்கான கதவு 2050இல் திறந்து 2063இல் மூடும். கூட்டாகக் கொடுத்தது என்றால் எழுத்தாளர்களில் பெரும்பான்மை கையெழுத்து வேண்டும். சம்பளத்துக்கு எழுதிய தொலைக்காட்சிப் பிரதிகளுக்கு இந்த உரிமை கிடையாது. நாடகத்தின் பதிப்புரிமையோ கடைசிக் கூட்டாளி இறந்து 70 ஆண்டு வரை இருக்கும். ஆகவே ஒவ்வொரு ஒப்பந்தத்தின் தேதியையும், அறிவிப்பு அனுப்பக்கூடிய முதல் நாளையும் கடைசி நாளையும் ஒரே தாளில் எழுதி உயிலோடு வையுங்கள். படைப்பு பற்றிய முடிவுகளை எடுக்கும் பொறுப்பு யாருக்கு என்று ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு நியமியுங்கள், அவரிடம் இப்போதே சொல்லி ஒரு பிரதியைக் கொடுத்து வையுங்கள்.